தீப்பெட்டியும் செல்போனும் ஒரே தட்டில்

நாமக்கல் புறவழிச்சாலையோரம் ஒரு டீக்கடை. விடியற்காலை ஐந்து மணி. மங்களூரில் கேஸ் ஏற்றிப்போய் லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பிய டேங்கர் ஓட்டுநர் ஒருவர், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் பீடி.

“எத்தனை வருசமாங்கண்ணா இந்தப் பழக்கம்?”

“இருவது வருசமாச்சுங்க. விட்டுப்போடலாம்னுதான் பாக்கறேன்... ஆனா முடியறதில்லீங்க.”

இந்த ‘ஆனா’வைக் கேட்டதும் நாம் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். புற்றுநோய் படத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். இல்லையென்றால், ‘இவரெல்லாம் திருந்த மாட்டார்’ என்று விட்டுவிடுகிறோம். அந்த ‘ஆனா’வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கேட்டுப் பார்த்தேன். “கேஸ் பிளாண்ட்டுக்குள்ள போறப்போ என்ன பண்ணுவீங்கண்ணா?”

“கேட்டுலயே தீப்பெட்டி, பீடிக்கட்டு, செல்போன் எல்லாத்தையும் ஒரே தட்டுல வாங்கி வெச்சுக்குவாங்க. உள்ள போனா வெளிய வர அஞ்சாறு மணி நேரங்கூட ஆவுமுங்க.”

“அப்போ பீடி ஞாபகம் வராதுங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “அங்க வராதுங்க. வேணும்னாலும் கெடைக்காதுன்னு மனசுக்குத் தெரியுமில்லீங்களா.”

முடியாது என்று சொல்கிறவர், மாதத்தில் பல நாள் அதை முடித்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அதை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மனம் என்பது பிடிவாதம் அல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் ப்ரோசாஸ்காவும் டிக்ளமெண்டேயும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், புகையை விடுகிறவர்கள் ஒரே தாவலில் விடுவதில்லை, படிப்படியாகவே நகர்கிறார்கள் என்று காட்டினார்கள். பின்னாளில் அந்தப் படிகளை ஐந்தாக வகுத்தார்கள்: நினைப்பே இல்லாத நிலை, விடலாமா வேண்டாமா என்று ஊசலாடும் நிலை, தயாராகும் நிலை, விடும் நிலை, விட்டதைக் காப்பாற்றும் நிலை. நம் ஓட்டுநர் நிற்பது இரண்டாவது படியில். அங்கே அவருக்குத் துணை நிறையவே உண்டு. 2016-17-ல் எடுக்கப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட நினைக்கிறார்கள் அல்லது திட்டமிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் விட்டுப் பார்த்தவர்கள் 38.5 சதவீதம்.

இப்படி ஊசலாடுகிறவர்களிடம் பேசுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்க உரையாடல் அது. அதில் வரும் கேள்வி ஒன்றை அவரிடமே போட்டேன்.

“விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கண்ணா?”

“நாலு போடலாமுங்க.”

“ஏன் சைபர் போடலை?”

‘ஏன் பத்து போடவில்லை’ என்று கேட்டிருந்தால் சாக்குகள் வந்திருக்கும். இந்தக் கேள்விக்குக் காரணம் வந்தது. “லோடு லாரியில இருந்தப்போ தார்ப்பாய் கட்ட ஒரே மூச்சுல மேல ஏறுவனுங்க. இப்போ டேங்கர் ஏணியில நாலு படி ஏறவே நிக்க வேண்டியிருக்குது.” எந்த மருத்துவர் சொன்னதும் அல்ல. அவர் வாயிலிருந்தே வந்த காரணம். அதனால்தான் அதற்கு வலு அதிகம்.

இந்தப் பேச்சை ஒரு செயலி பேச முடியுமா? முடியும் என்றே நம்புகிறேன். அதற்கான தொடக்கம் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2016 ஜனவரியில் மத்திய அரசு, உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆகியவற்றோடு சேர்ந்து ‘எம்-செசேஷன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், புகையிலையை விட உதவும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து வரும். முதல் ஆண்டிலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு மே மாதம், டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண் தொடங்கியது. பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் இதில் இணைந்தது. 2018 செப்டம்பர் முதல் இந்த எண் புகையிலைப் பொருள்களின் உறையிலேயே அச்சாகிறது.

அவருடைய பீடிக்கட்டிலேயே எண்ணைக் காட்டினேன். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை, திங்கள் விடுமுறை என்றேன். “எட்டு மணிக்கு நான் தூங்கிட்டிருப்பனுங்க. எனக்கு பீடி வேணும்னு தோணறது ராத்திரி ரெண்டு மணிக்குங்க” என்றார்.

செயலி வேண்டியது இந்த இரவு இரண்டு மணிக்குத்தான். அமெரிக்காவில் ‘ஐ கேன் க்விட்’ என்ற செயலியை 2,415 பேரிடம் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆசையை அடக்கச் சொல்லாமல், அது வந்து தானாகப் போவதை வேடிக்கை பார்க்கப் பழக்குவது அதன் வழி. ஓராண்டு கழித்து அதைப் பயன்படுத்தியவர்களில் 28 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். வழக்கமான செயலியில் 21 சதவீதம். ஆனால் அவர்கள் ஒரு மாதத்துக்குள் விட விரும்பியவர்கள். நம் ஓட்டுநர் அந்த வரிசையில் இல்லை.

அவருக்கும் வழி உண்டு என்பதற்கு 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வு சாட்சி. உடனே விட முடியாது, குறைத்துக்கொண்டே வந்து மூன்று மாதத்துக்குள் விடப் பார்க்கிறோம் என்ற 1,510 பேரிடம் நடந்தது அது. எல்லோருக்கும் ஆலோசனை தந்தார்கள். கூடவே வாரெனிக்ளின் மருந்து எடுத்தவர்களில் 32 சதவீதம் பேர், 15-ஆம் வாரத்திலிருந்து 24-ஆம் வாரம் வரை ஒன்றுகூடப் புகைக்கவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7 சதவீதம். மருந்து மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஆனால் ‘முடிவெடுத்துவிட்டு வா’ என்று வாசலிலேயே நிறுத்தத் தேவையில்லை என்பதை இந்த ஆய்வு சொல்கிறது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு ஓட்டுநர்களுக்கென்று ஒரு செயலி வந்தால் அது எப்படி இருக்க வேண்டும்? விடும் தேதியைக் கேட்டு ஆரம்பிக்கக் கூடாது. தமிழில், குரலில் பேச வேண்டும். சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வேலை செய்ய வேண்டும், வண்டி ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. சிகரெட்டை மட்டுமல்ல, பீடியையும் எண்ண வேண்டும். ‘பீடி வெறும் இலைதானே’ என்பவரிடம், அது அணையாமலிருக்க அடிக்கடி இழுப்பதால் நிகோடினும் தாரும் கூடுதலாகவே உள்ளே போகின்றன என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். லோடு இறக்கக் காத்துக் கிடக்கும் வெட்டிப் பொழுதில்தான் கட்டு காலியாகிறது என்பதை அவரே தன் கணக்கில் பார்க்க வேண்டும். ஆசை பெரும்பாலும் சில நிமிடத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தைக் கடத்திவிட ஒரு பேச்சுத்துணை போதும். அவர் சறுக்கினால் திட்டாமல், ‘எந்த இடத்துலங்க?’ என்று கேட்க வேண்டும். அவர் சொன்னது எதுவும் வண்டி முதலாளி காதுக்குப் போகக் கூடாது.

செயலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ ‘விடணும்... ஆனா’ என்கிறவர் இருந்தால், இன்றைக்கே அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பத்துக்கு எத்தனை? ஏன் சைபர் இல்லை? பதில் வரும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் ஒரு படி நகர்ந்துவிட்டார் என்று தெரிந்தால் 1800-11-2356-ஐ அவர் போனில் பதிந்து கொடுங்கள்.

டீக்கடை ஓட்டுநர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். மறுபடி மங்களூர் லோடுதான். பிளாண்ட்டிலிருந்து வெளியே வரும்போது கேட்டில் அந்தத் தட்டை அவரிடம் நீட்டுவார்கள். தீப்பெட்டியும் செல்போனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவர் கை முதலில் செல்போனுக்குப் போக வேண்டும் என்றால், அதற்குள் அவருடைய பேச்சைக் கேட்கும் ஒரு குரலை நாம் வைத்திருக்க வேண்டும்.