தரை வீடும் மூணாவது மாடியும்

சென்னை காசிமேட்டு மீனவக் குப்பங்களில் ஒரு காலத்தில் ஓலைக் குடிசைகள்தான். குனிந்து நுழைய வேண்டும். அடுப்பு, அம்மி, அருவாமனை, பாய் எல்லாமே தரையில். மீன் விற்கும் பெண்ணுக்குக் கூடைக்குப் பக்கத்திலும் குத்துக்கால் வாழ்க்கைதான். முட்டி தேய்ந்தபோது "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே படி. முட்டி மடங்காத ஆயாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போய் வந்தார்.

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மாடி வீடுகள் எழுந்தன. 2004 சுனாமிக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்குப் போயின. இந்த வீடுகளில் அடுப்பு மேடைக்கு ஏறியது, அம்மியின் இடத்துக்கு மிக்ஸி வந்தது. நின்றே சமைக்கலாம். மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய விடுதலை, குறைத்துச் சொல்லவே கூடாது.

சமையலறையில் கிடைத்ததைப் படிக்கட்டு பறித்துக்கொண்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூணாவது மாடி என்றால் ஏறக்குறைய 48 படி. படி ஏறும்போது முட்டி தாங்கும் பாரம் உடல் எடையைப்போல மூன்று மடங்கு. இறங்கும்போது இன்னும் அதிகம். தெருக் குழாயிலோ லாரியிலோ பிடித்த குடமும் இடுப்பில் இருந்தால்? அதனால்தான் பல முதியவர்கள் வீட்டை விட்டு இறங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் கீழே இறங்க அது மட்டும் போதாது.

கையின் கதை வேறு. இங்கே கடற்காற்றில் உப்பு. இரும்புத் தாழ்ப்பாள் சீக்கிரமே துருவேறி இறுகும், திருகு குழாய் கெட்டிப்படும். விரல் மூட்டு வீங்கியவருக்குக் குளியலறைக் கதவைத் திறப்பதே காலை நேரத்து வேதனை. துருப்பிடிக்காத எவர்சில்வர் தாழ்ப்பாள், முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய், 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரக் கழிப்பறை இருக்கை, பக்கச் சுவரில் உறுதியான பிடிகம்பி: ஒரு வீட்டில் முதலில் மாற்ற வேண்டியவை இவைதான். சுவரைத் தொடும் முன் கைப்பிடிகளை மாற்றுங்கள் என்பேன்.

படிக்கட்டு குடும்பத்தின் கையில் இல்லை. எல்லோரும் ஏறத்தக்க படிக்கு 15 சென்டிமீட்டர் உயரமும் இருபுறக் கைப்பிடியும் வேண்டும் என்கின்றன நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள். பழைய கட்டடங்களில் படியை மாற்ற முடியாது. ஆனால் இரண்டாவது கைப்பிடியை இந்த மாதமே பொருத்தலாம். அதுவும் போதாமல் தரைத்தள வீடு கேட்கப் போனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; மூட்டுவாதம் அதில் தனியாக இல்லை. நடமாட்டக் குறைபாடு என்று மதிப்பிட்டு, 40 சதவீதத்தைத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகள். முட்டி தேய்ந்து, ஆனால் அந்த அளவைத் தொடாத மீன்காரப் பெண்ணுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை. அறுபது வயது தாண்டி, மருத்துவர் சீட்டும் இருந்தால் தரைத்தளம் மாற்றிக் கொடுப்பதே நியாயம்.

வாரியம் இப்போது லிஃப்ட் வைத்துக் கட்டுகிறது, புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குகள் ஒன்பது தளம். அங்கே லிஃப்ட் நின்றால் மேல்தளத்து ஆயா மாத்திரை வாங்கக்கூட இறங்க முடியாது. அதைப் பராமரிக்கும் செலவு யாருடையது, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்பதை வீடு ஒதுக்கும் தாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.