"எனக்கு ஒண்ணுமில்லே, நான் வரமாட்டேன்!"

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வது பாதி வேலைதான். அதிலும் அவர் மறதி நோய் உள்ளவராக இருந்துவிட்டால், வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் உண்மையான சங்கடமே ஆரம்பமாகிறது. "யார் இவங்க? எதுக்கு வந்திருக்காங்க? எனக்கு ஒண்ணுமில்லே, நான் வரமாட்டேன்!" என்று பெரியவர் கட்டிலை இறுகப் பிடித்துக்கொள்கிறார். வீட்டுப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். பிள்ளை பெங்களூரிலிருந்து போனில், "அப்படியே தூக்கிட்டுப் போங்கம்மா" என்கிறான். அவனுக்கென்ன, சொல்லிவிடுவான்!

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் இருக்கிறது. அறுபதுகளில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டவர்கள். ஓவர்டைம் பார்த்து, சொசைட்டியில் கடன் வாங்கி, அரை கிரவுண்டில் வீடு கட்டி, பிள்ளைக்கென்று மாடியும் எழுப்பினார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். கீழ் வீட்டில் வாடகைக்காரர்கள். மாடியில் தாத்தாவும் பாட்டியும் மட்டும்.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கிறது என்று 2023ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாம். எனவே இது எங்கோ யாருக்கோ வருகிற வியாதி இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் 'வரமாட்டேன்' என்பது நமக்குப் பிடிவாதமாகத் தெரிகிறது. அவருக்கோ அது பயம். காலையில் வழுக்கி விழுந்தது அவருக்கு நினைவில்லை. வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வருவதில்லை. நிமிஷத்துக்கு முன்னால் நாம் சொன்னதும் மறந்துவிட்டது. இந்த நிலையில் சீருடை போட்ட இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தால், நல்ல நினைவோடு இருக்கிற நமக்கே நெஞ்சு படபடக்காதா? அதிலும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் மறதி நோயாளிகளுக்கு மோசமான நேரம். குழப்பமும் கோபமும் பலருக்கு அப்போதுதான் ஏறும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவது. நேற்று வரை சாதுவாக இருந்தவர் இன்று திடீரென்று கத்துகிறார், அடிக்க வருகிறார், அல்லது காரணமில்லாமல் தூங்கி வழிகிறார் என்றால், 'மறதி முற்றிப்போச்சு' என்று விட்டுவிடக் கூடாது. வேறு ஏதோ புதிதாக உள்ளே புகுந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பிரஷருக்குச் சாப்பிடும் நீர் மாத்திரையால் உடம்பில் உப்புக் குறைந்திருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். பக்கவாதத்தின் தொடக்கமாகவோ, எப்போதோ தலையில் பட்ட அடியாகவோ இருக்கலாம். வயதானவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. ஆக, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அவர் போடும் அந்தச் சண்டையே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதற்கு அடையாளமாக இருக்கலாம்!

திருமுல்லைவாயல் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். நாலைந்து வருஷமாக மறதி. பாத்ரூமில் விழுந்து, நெற்றிப் புடைப்பு தானே வடிந்துபோனதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருநாள் சாயங்காலம் பேச்சு குழறி, மனைவியையே "யாரு நீ?" என்று விரட்ட ஆரம்பித்தார். உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் கார் கொண்டுவந்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார்கள். அவர் கிரில் கேட்டை விடவே இல்லை. ஒருவன் கையைக் கடித்தும்விட்டார். மனைவி அழ, பையன்கள் தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை 108க்குப் போன் செய்தார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன். வந்தவர்கள் இரண்டே பேர்: வண்டி ஓட்டும் பைலட், மருத்துவ உதவியாளரான ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தப் பெண் செய்த முதல் காரியம், எங்களையெல்லாம் வராந்தாவுக்கு அனுப்பியதுதான். டி.வி.யை நிறுத்தச் சொன்னாள். மாமியை மட்டும் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் கீழேயே இருந்தது. பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார், அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, "ஐயா, வணக்கம். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

பைலட் சுவரில் மாட்டியிருந்த ரிடையர்மென்ட் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஐயா எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டார். அவ்வளவுதான்! நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாத மனிதர், எந்த ஷாப், எந்த ஃபோர்மேன் என்று குழறிக் குழறிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேச்சுக்கு நடுவில் பெண் விரலில் கிளிப்பை மாட்டி, பிரஷர் பார்த்து, சர்க்கரையும் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இப்ப கையைத் தொடறேன் ஐயா" என்று சொல்லித்தான் தொட்டாள்.

"தலையில அடிபட்டிருக்கு ஐயா, காட்டிட்டு வரலாம். அம்மாவும் கூட வராங்க" என்றார் பைலட். சட்டை போடாமல் வெளியே வர முடியாது என்றார் பெரியவர். சட்டை போடும்போது அவர் இடது கை ஸ்லீவில் நுழையவே இல்லை. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் கவனித்துக் குறித்துக்கொண்டாள். கதவை அவரையே பூட்டச் சொல்லி, சாவியை அவர் பையிலேயே போட்டுக்கொள்ள விட்டார்கள். மாடிப்படி குறுகல். நாற்காலியோடு இறக்கினார்கள். மொத்தம் இருபது நிமிஷம். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மறதி மறதியாகவே இருக்கிறது. ஆனால் மனைவியை விரட்டுவதில்லை. கையும் வேலை செய்கிறது.

(மூச்சுத் திணறலோ, நினைவிழப்போ, ரத்தப்போக்கோ என்றால் இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அது வேறு.)

இதில் பொய் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். "கோயிலுக்குப் போகலாம் வாங்க" என்று ஏற்றிவிடுகிற வீடுகள் உண்டு. ஏறிவிடுவார்கள், சரி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் என்ன செய்வது? விஷயம் மறந்துபோனாலும், ஏமாற்றப்பட்டோம் என்கிற உணர்ச்சி மட்டும் அவர்கள் மனதில் தங்கிவிடுகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் வேறு வழியே இல்லையென்றால் தவிர, எனக்கு அதில் சம்மதம் இல்லை. முழுவதும் சொல்ல வேண்டியதில்லை, சொல்வது உண்மையாக இருந்தால் போதும்.

சரி, நோயாளி 'வேண்டாம்' என்றால் அதற்கு மதிப்பே கிடையாதா? உண்டு. மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டதாலேயே ஒருவருடைய பேச்சு செல்லாக் காசாகிவிடாது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) இதைத் தெளிவாகச் சொல்கிறது. சொல்லப்படுவது அவருக்குப் புரிகிறதா, தன் முடிவால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, அதைப் பேச்சாலோ சைகையாலோ சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. "ஆஸ்பத்திரிக்குப் போகாட்டா என்ன ஆகும் பாட்டி?" என்று கேட்டால், "ஆயுசு முடிஞ்சா முடியட்டும், ஊசி குத்திக்க நான் தயாரில்லே" என்று தெளிவாகச் சொல்கிற பாட்டியும் உண்டு. அவரைக் கட்டித் தூக்கிப் போக 108 ஊழியர்களுக்கும் உரிமையில்லை, நமக்கும் இல்லை. அதையே கேட்டால், "என் அம்மா வந்து அழைச்சிண்டு போவா" என்கிறவரின் 'வேண்டாம்' வேறு. உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்ற நிலையில், அவர் சார்பில் பேசும் உரிமை பெற்றவர் பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதத்தோடு, டாக்டர் உடனே சிகிச்சை தரலாம். அந்த அவசர அனுமதிக்கும் 72 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

'அவர் சார்பில் பேசும் உரிமை' என்றேனே, அதற்குக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே, இன்னார் எனக்காக முடிவெடுக்கலாம் என்று வெள்ளைத் தாளில் எழுதி, அவர் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். நியமிக்கப்பட்ட பிரதிநிதி என்று அதற்குப் பெயர். மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகப் போனில் பேசும் வீடுகளில் இந்தத் தாள் பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

போன் செய்யும்போதே சில விவரங்களைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் காந்தி தெருவும் காமராஜர் தெருவும் நகருக்கு ஒன்று! தெருப் பெயரோடு நகர் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது ரேஷன் கடை, எத்தனாவது மாடி எல்லாம் சொல்லுங்கள். "மறதி நோய் இருக்கிறது, புது ஆளைக் கண்டால் பயப்படுவார், சைரனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள்" என்றும் சொல்லுங்கள். வண்டி வரும் வரை அவரிடம் வாதாடாதீர்கள். தூக்க மாத்திரை கொடுத்துத் தூங்கப்பண்ணிவிடலாம் என்று மட்டும் நினைக்கவே வேண்டாம். அப்புறம் மயக்கம் நோயாலா மாத்திரையாலா என்று டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும். மூக்குக் கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுங்கள். கண்ணும் காதும் சரியாக இல்லாவிட்டால் பயம் இரட்டிப்பாகும்.

வந்தவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, "போன வாரம் எப்படி இருந்தார்?" என்பது. தானாக நடந்தாரா, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, எப்போதிலிருந்து இந்த மாறுதல் என்று சொல்லக் கூடியவர் நீங்கள்தான். மாத்திரைச் சீட்டு, கடைசியாக விழுந்த தேதி, ஒவ்வாத மருந்து, இவற்றை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டிவைப்பது நல்லது.

ஆரம்பத்திலேயே யோசனை கேட்க நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. மறதி நோயாளிகளுக்கென்று டெம்கேர்ஸ் என்ற தனிப் பிரிவும் நடத்துகிறார்கள். கிண்டியில் 2024ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. முதியோர் உதவிக்குப் போன் எண் 14567. மனக்குழப்பம் பற்றி இரவு பகல் எந்நேரமும் கேட்க 14416.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் ராத்திரிகள் கஷ்டமாகவே இருக்கும். இடம் புதிது, விளக்கு புதிது. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அதனால் பழகின முகம் ஒன்று ராத்திரி கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுப் போர்வையோ துண்டோ ஒன்று கையில் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் திடீர்க் குழப்பம் முழுவதும் தெளியச் சிலருக்குச் சில வாரங்கள்கூட ஆகும். நான் சொன்ன பெரியவர் ஒரு மாதம் வரை தினமும் சட்டைப் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமியும் ஒரு பழைய சாவியைத் தினமும் அந்தப் பையில் போட்டுவைத்தார்.