'வெறும் சளிதானே'னு விடலாமா? முதியவர்களுக்கான ஆர்.எஸ்.வி தடுப்பூசி: யாருக்கு, எப்போது, எத்தனை முறை?

"சாதாரண சளிதான், ரெண்டு நாள்ல சரியாகிடும்." வீட்டில் பெரியவர்கள் இருமும்போது நாம் வழக்கமாகச் சொல்வது இதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சளிக்குக் காரணம் ஆர்.எஸ்.வி என்ற வைரஸாக இருந்தால், 75 வயதைத் தாண்டியவர்களுக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

அமெரிக்காவில் மட்டும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு 60,000 முதல் 1,60,000 பேர் வரை இந்த வைரஸால் மருத்துவமனையில் சேர்வதாகவும், 6,000 முதல் 10,000 பேர் வரை உயிரிழப்பதாகவும் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மதிப்பிட்டது. இந்த வைரஸுக்கு 2023 வரை தடுப்பூசியே கிடையாது. இப்போது மூன்று இருக்கின்றன.

ஆர்.எஸ்.வி என்றால் என்ன?

மூக்கு, தொண்டை, நுரையீரலைத் தாக்கும் வைரஸ் இது. 1956-ல் சளி பிடித்த சிம்பன்சி குரங்குகளிடம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் இருப்பது தெரிந்தது. 2 வயது முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது இது வந்துவிடும்.

ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்று நினைக்காதீர்கள். இதற்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பு சக்தி சீக்கிரமே குறைந்துவிடும். அதனால் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இளம் வயதில் மூக்கொழுகலோடு போய்விடும். வயதான பிறகு, அதிலும் ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு, மூச்சுத்திணறல் வரை போகலாம்.

இருமல், தும்மல், கை பட்ட இடங்கள் மூலம் பரவும். பேரக்குழந்தை பள்ளியில் இருந்து கொண்டுவரும் சளி, தாத்தா பாட்டிக்குத் தொற்றுவது இப்படித்தான். இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் மாத்திரை வேலை செய்யாது.

தடுப்பூசி வர ஏன் இவ்வளவு காலம்?

இதன் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஒரு தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார்கள். அது நோயைத் தடுக்கவில்லை. ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் தீவிரமாக வந்தது. 2 குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு பல பத்தாண்டுகள் இந்த ஆராய்ச்சி தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது.

எங்கே தவறு நடந்தது? நம் செல்லுக்குள் நுழைய இந்த வைரஸ் 'எஃப்' என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. நுழைவதற்கு முன் அதற்கு ஒரு வடிவம், நுழைந்த பிறகு வேறு வடிவம். பழைய தடுப்பூசி பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தைத்தான் உடலுக்குக் காட்டியது. திருடன் வேஷம் மாற்றிய பிறகு எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் காவல் நின்ற மாதிரி.

2013-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள், அந்தப் புரதம் முதல் வடிவத்திலேயே மாறாமல் நிற்கும்படி செய்துகாட்டினர். இன்றைய மூன்று தடுப்பூசிகளுக்கும் அதுதான் அடிப்படை. புரதத்தை வடிவம் மாறாமல் நிறுத்தும் இதே உத்திதான் பின்னர் ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளிலும் கைகொடுத்தது.

என்னென்ன தடுப்பூசிகள்?

* அரெக்ஸ்வி (ஜிஎஸ்கே): 2023 மே 3-ல் அமெரிக்காவில் அனுமதி
* அப்ரிஸ்வோ (ஃபைசர்): 2023 மே 31-ல் அனுமதி
* எம்ரெஸ்வியா (மாடர்னா): 2024 மே 31-ல் அனுமதி; இது எம்ஆர்என்ஏ வகை

எந்த அளவுக்குப் பாதுகாப்பு? அரெக்ஸ்வி பரிசோதனையில் 60 வயதைக் கடந்த சுமார் 25,000 பேர் கலந்துகொண்டனர். முதல் சீசனில், நுரையீரல் வரை பாதிக்கும் ஆர்.எஸ்.வி நோய் தடுப்பூசி போட்டவர்களில் 7 பேருக்கும், போடாதவர்களில் 40 பேருக்கும் வந்தது. அதாவது சுமார் 82 சதவீதப் பாதுகாப்பு.

யாருக்கு? எத்தனை முறை?

அமெரிக்காவில் முதலில் 60 வயதைக் கடந்தவர்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம் என்றார்கள். 2024-ல் அது மாறியது. 75 வயதைக் கடந்த எல்லோரும் போட வேண்டும். 60 முதல் 74 வரை உள்ளவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் மட்டும் போட்டால் போதும் என்று சிடிசி சொன்னது. 2025-ல் இணை நோய் உள்ள 50 வயதுக்காரர்களும் சேர்க்கப்பட்டனர்.

பிரிட்டனில் 2024 செப்டம்பர் 1-ல் இலவசத் திட்டம் தொடங்கியபோது 75 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்குப் போடப்பட்டது.

ஃப்ளூ ஊசி மாதிரி வருஷா வருஷம் தேவையில்லை. இப்போதைக்கு ஒரே டோஸ்தான். குளிர்காலத்துக்கு முன், ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபருக்குள் போடுவது நல்லது என்பது அமெரிக்கப் பரிந்துரை.

பக்க விளைவு உண்டா?

ஊசி போட்ட இடத்தில் வலி, அசதி, உடல்வலி, தலைவலி வரலாம். ஓரிரு நாளில் போய்விடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2025 தொடக்கத்தில் புனேவில் பலரைப் பாதித்து செய்திகளில் அடிபட்டதே, ஜிபிஎஸ் எனும் நரம்புப் பாதிப்பு, நினைவிருக்கிறதா? அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அரெக்ஸ்வி, அப்ரிஸ்வோ போட்டவர்களில் மிக அரிதாக அதே பாதிப்பு வரலாம் என்று, அதே 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. 10 லட்சம் டோஸுக்கு கூடுதலாக 7 முதல் 9 பேர் என்பது அதன் கணக்கு. ஊசி போட்ட பிறகு கை, காலில் பலவீனமோ மரத்துப்போவதோ தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம்ம வீட்டுக்கு இதில் என்ன?

முதியவர்களுக்கான ஆர்.எஸ்.வி ஊசி இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. ஆனால் மகள் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ குளிர்காலத்தில் அமெரிக்கா, பிரிட்டன் போகும் அப்பா அம்மாக்கள் நம் ஊரில் ஏராளம். அங்கே வசிக்கும் முதியவர்களுக்கு அரசுக் காப்பீட்டில் செலவு இல்லாமல் கிடைக்கும் ஊசி, விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு அப்படிக் கிடைக்காது. பயணக் காப்பீட்டில் தடுப்பூசிச் செலவு பெரும்பாலும் வராது. டிக்கெட் போடும்போதே பாலிசியைப் படித்துவிடுங்கள்.

போகும் முன் குடும்ப டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என் வயதுக்கும் நோய்க்கும் இது தேவையா? இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? முன்பு ஏதாவது தடுப்பூசியில் அலர்ஜி வந்திருந்தால் போடலாமா?

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு விஷயம் நம் கையில் இருக்கிறது. சளி பிடித்த குழந்தையைத் தாத்தா மடியில் உட்கார வைக்கும் முன், கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கினாலோ, இருமல் நாளுக்கு நாள் அதிகமானாலோ, 'வெறும் சளிதானே' என்று காத்திருக்க வேண்டாம்.