அமெரிக்காவில் பிறந்தாலும் குடியுரிமை கிடைக்காதா? ஹெச்-1பி பெற்றோர் உற்றுப் பார்க்கும் வழக்கு

அமெரிக்க மண்ணில் குழந்தை பிறந்தால் அது அமெரிக்கக் குடிமகன். நூறு வருஷத்துக்கும் மேலாக இதுதான் நடைமுறை. இதை மாற்றும் உத்தரவில், 2025 ஜனவரி 20-ம் தேதி பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டார் அதிபர் டிரம்ப். அது செல்லுமா என்பதை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிசம்பர் 5-ம் தேதி ஒப்புக்கொண்டுள்ளது.

உத்தரவில் என்ன இருக்கிறது?

தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ தங்கியிருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லையென்றால், குழந்தைக்குக் குடியுரிமை இல்லை.

எல்லை தாண்டி வந்தவர்களுக்கான உத்தரவு என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் வேலை விசா, மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாமே இதில் வருகிறது. சென்னையிலிருந்து ஹெச்-1பி விசாவில் போய், சட்டப்படி வரி கட்டி வாழும் தம்பதிக்கும் இதே கதிதான். கிரீன் கார்டு வாங்கிவிட்டால் போச்சு என்றால், அதுவும் லேசில்லை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 7 சதவீதம்தான் என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை பல வருஷம் நீள்கிறது.

ஒரே ஒரு வாசகம்தான் சண்டை

அடிமை முறை ஒழிந்த பிறகு, 1868-ல் வந்தது 14-வது அரசியல் சட்டத் திருத்தம். அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது அது. இந்த 'அதிகார வரம்பு' என்பதற்கு என்ன அர்த்தம்?

வோங் கிம் ஆர்க் வழக்கில் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர் அவர். சீனா போய்விட்டு 1895-ல் திரும்பியவரை, நீ குடிமகனே இல்லை என்று துறைமுகத்திலேயே தடுத்தார்கள். 1898-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வெளிநாட்டுத் தூதர்களின் குழந்தைகள் போன்ற சில விதிவிலக்குகளை மட்டும் வைத்தது.

டிரம்ப் தரப்போ, வோங்கின் பெற்றோர் நிரந்தரமாக அங்கே குடியிருந்தவர்கள், விசாவில் வந்து போகிறவர்கள் அப்படியில்லை என்கிறது. கொஞ்சம் யோசித்தால் இந்த வாதம் இடிக்கிறது. சுற்றுலா வந்தவர் திருடினாலும் அமெரிக்க நீதிமன்றம்தானே தண்டிக்கிறது? அப்புறம் எப்படி அவர் அதிகார வரம்புக்கு வெளியே?

நடுவில் வந்த குழப்பம்

உத்தரவு வந்த மூன்றாவது நாளே, சியாட்டில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் தடை போட்டார். இத்தனைக்கும் அவர் குடியரசுக் கட்சியின் ரீகன் நியமித்தவர். வேறு நீதிமன்றங்களும் நாடு முழுக்கத் தடை விதித்தன. ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஒரு திருப்பம் கொடுத்தது. வழக்குப் போடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை போடும் அதிகாரம் மாவட்ட நீதிபதிகளுக்கு இல்லை என்றது. உத்தரவு சரியா தப்பா என்பதை அப்போது அது தொடவே இல்லை.

ஆனால் பாதிக்கப்படும் எல்லோருக்குமாகச் சேர்ந்து போடும் கூட்டு வழக்குக்கு வழி திறந்தே இருந்தது. 13 நாள் கழித்து, நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லப்லான்ட் அதைத்தான் பயன்படுத்தினார். பிப்ரவரி 20 முதல் பிறந்த, இனி பிறக்கப்போகிற குழந்தைகளையெல்லாம் ஒரே தரப்பாக ஏற்றுத் தடை விதித்தார். பெற்றோரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

உத்தரவு செல்லும் என்றால்?

அமெரிக்காவில் பிறக்கும் இந்தியக் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை தானாக வராது. ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். பிறகு, பிறந்த ஊரிலேயே தங்குவதற்கு அந்தக் கைக்குழந்தைக்கும் விசா தேட வேண்டியிருக்கும்.

இந்தியாவிலும் 1987 ஜூலைக்கு முன்பு, இங்கே பிறந்தாலே குடியுரிமைதான். பிறகு சட்டத்தைத் திருத்தி மாற்றினார்கள். டிரம்ப் அதை ஒரு கையெழுத்தில் செய்யப் பார்க்கிறார்.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2026 ஜூன் இறுதிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை தடை நீடித்தால், பிறக்கும் குழந்தைகளுக்குப் பழைய விதிதான்.