அரசு தரும் 'ஐடியா' பணம்: யாருக்கு, எவ்வளவு? திருப்பிக் கட்டணுமா?

கோவையில் பயோமெடிக்கல் படித்த இரண்டு பேர். விரலில் ஊசி குத்தாமலே ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்ய முடியும் என்று நம்புகிறார்கள். வங்கிக்குப் போனால், "ஈடா என்ன வைப்பீங்க?" என்கிறார் மேலாளர். முதலீட்டாளரிடம் போனால், "முதல்ல செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்கிறார்.

செஞ்சு காட்டத்தானே காசு வேணும்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் சிறிய தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் பலரும் முட்டி நிற்கும் இடம் இதுதான். இந்த இடத்துக்கென்றே அரசிடம் பணம் இருக்கிறது. அதை எந்த நேரத்தில், எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அரசு ஏன் கொடுக்கணும்?

கடனை வியாபார வருமானத்தில் இருந்து கட்ட வேண்டும். ஆராய்ச்சியில் இருக்கும் பொருளுக்கு இன்னும் வியாபாரமே இல்லை. அது தோற்றும் போகலாம். அதனால் தனியார் பணம் தயங்கும். ஆனால் ஜெயித்தால் பலன் ஊருக்கே. அதனால் முதல் ரிஸ்க்கை அரசு எடுத்துக்கொள்கிறது.

இதில் முன்னோடி அமெரிக்கா. அங்கே 1982-ல் ஒரு சட்டம் வந்தது. வெளி நிறுவனங்கள் மூலம் பெரிய அளவில் ஆராய்ச்சி செய்யும் அரசுத் துறைகள், அந்த பட்ஜெட்டில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். அந்தப் பங்கு பின்னாளில் 3.2 சதவீதமாக உயர்ந்தது. செல்போன் சிப் செய்யும் குவால்காம் நிறுவனமும் தொடக்க நாட்களில் இந்தப் பணத்தை வாங்கியதுதான்.

இந்தியாவில் ஆராய்ச்சிக்கு ஆகும் மொத்தச் செலவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான். ஆனாலும் சிறு நிறுவனங்களுக்கான கதவுகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கின்றன.

என்னென்ன திட்டங்கள்?

நிதி-பிரயாஸ்: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். ஐடியாவை மாதிரிக் கருவியாக மாற்ற 10 லட்சம் ரூபாய் வரை மானியம். கம்பெனி தொடங்காத தனிநபரும் கேட்கலாம்.

பிக்: உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012-ல் உருவான பைராக் அமைப்பு தருவது. மருந்து, மருத்துவக் கருவி, வேளாண் உயிரித் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு 18 மாதத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம்.

ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி: 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2021 ஏப்ரலில் தொடங்கியது. மாதிரிக் கருவி, சோதனை ஆகியவற்றுக்கு 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குப் போக 50 லட்சம் வரை உதவி உண்டு. ஆனால் அது மானியம் இல்லை. கடனாகவோ பின்னர் பங்காக மாறும் கடன் பத்திரமாகவோ வரும்.

டான்சீட்: தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தருவது. 10 லட்சம் ரூபாய்; பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளுக்கு 15 லட்சம். இதற்கு ஈடாக நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும்.

ஐடெக்ஸ்: பாதுகாப்புத் துறையின் திட்டம். 2018 ஏப்ரலில் சென்னை அருகே நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. அடிப்படைப் பிரிவில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை. நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும்.

எதை முதலில் கேட்பது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். விதை நிதியின் விதிகளில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டு, வேறு மத்திய, மாநில அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கக் கூடாது. போட்டியில் ஜெயித்த பரிசுத் தொகை இந்தக் கணக்கில் வராது.

நம்ம கோவை இளைஞர்கள் ஆர்வத்தில் முதல் நாளே கம்பெனியைப் பதிவு செய்தால், அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஆராய்ச்சியில் இரண்டு வருஷம் போவதே தெரியாது. அதேபோல முதலிலேயே பிக் திட்டத்தில் 50 லட்சம் வாங்கிவிட்டால் விதை நிதியின் கதவு மூடிவிடும். மாறாக, தனிநபராக பிரயாஸில் 10 லட்சம் வாங்கி, கருவி ஓரளவு தேறிய பிறகு கம்பெனியைப் பதிவு செய்தால் இரண்டு கதவுமே திறந்திருக்கும்.

பணம் மொத்தமா வருமா?

வராது. பெரும்பாலும் இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்ப்பு மையங்கள் வழியாகத் தவணை தவணையாக வரும். 'இத்தனையாவது மாதத்தில் மாதிரிக் கருவி, இத்தனையாவது மாதத்தில் நோயாளிகளிடம் சோதனை' என்று நீங்கள் எழுதிக் கொடுத்த இலக்கை எட்டியதும் அடுத்த தவணை. செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். தவணை வரும் வரை சம்பளம் கொடுக்கக் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும்.

தோற்றுப் போனால் திருப்பிக் கட்டணுமா?

மானியம் என்றால், சொன்ன வேலையை நேர்மையாகச் செய்தும் கருவி வேலை செய்யவில்லை என்பதற்காகத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. 'இது வேலைக்கு ஆகாது' என்று தெரிந்துகொள்வதும் ஆராய்ச்சியின் முடிவுதான். செலவழிக்காத பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வேறு காரியத்துக்குச் செலவழித்தால் சிக்கல். கடனாக வாங்கிய பகுதிக்கு ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

பைராக் போன்ற திட்டங்களில் உரிமை கண்டுபிடித்தவருக்கே. ஆனால் அதை நீங்களே கெடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் யூடியூபிலோ கல்லூரி விழாவிலோ கருவியின் நுட்பத்தை விளக்கிவிட்டால், 'இது புதுசு இல்லையே' என்று காப்புரிமையே மறுக்கப்படலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம் கிடைக்கும். ஸ்டார்ட்அப்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு.

கருவி ரெடி. வாங்குவது யார்?

மானியம் முடியும்போதுதான் உண்மையான சோதனை. கருவி வேலை செய்கிறது, ஆனால் முதல் வாடிக்கையாளர் இல்லை. அமெரிக்கத் திட்டத்தில் மூன்றாம் கட்டம் என்பதே இதற்குத்தான். அதில் மானியம் கிடையாது. உருவான பொருளை அரசுத் துறைகளே வாங்கிக்கொள்ள வழி உண்டு. ஐடெக்ஸிலும் இதே யோசனைதான்: ராணுவம் தனக்கு என்ன தேவை என்று முதலில் சொல்லும், அதற்கேற்பச் செய்தால் ஆர்டர் கிடைக்க வாய்ப்பு. அப்படி வளர்ந்த சாகர் டிஃபென்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் ஆளில்லாப் படகு 'மாதங்கி', 2024 அக்டோபரில் மும்பையில் இருந்து தூத்துக்குடிக்கு 1,500 கிலோமீட்டர் பயணமாக அனுப்பி வைக்கப்பட்டது.

மற்ற துறைகளில் பாதை இவ்வளவு நேராக இல்லை. மத்திய அரசுக் கொள்முதலில் 'முன் அனுபவம் வேண்டும், இவ்வளவு விற்றுமுதல் வேண்டும்' என்ற நிபந்தனையில் இருந்து ஸ்டார்ட்அப்களுக்கு விலக்கு தர வழி இருக்கிறது. ஆனால் தரத்தில் தளர்வு கிடையாது. மருத்துவக் கருவி என்றால் உரிமமும் வேண்டும். அதனால் மானியம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனைகளிடம் பேசத் தொடங்கிவிடுவது நல்லது.

அந்த 1 லட்சம் கோடி?

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியைப் பலரும் மானியம் என்று நினைக்கிறார்கள். அது குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ தரும் நீண்டகாலக் கடன், அல்லது முதலீடு. அதுவும் ஆய்வகச் சோதனையைத் தாண்டி ஓரளவு வளர்ந்த தொழில்நுட்பங்களுக்கு. வெறும் ஐடியாவோடு இருப்பவர்களுக்கு முதல் படி பிரயாஸ் போன்றவைதான்.

கடைசியாக ஒன்று. "கமிஷன் கொடுங்க, மானியம் வாங்கித் தரேன்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். விதை நிதியில் விண்ணப்பதாரரிடம் இன்குபேட்டர் கட்டணம் வாங்கவே கூடாது என்பது விதி. விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறலாம். அதனால் அந்தந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உள்ள இன்குபேட்டருக்கு நேரில் போய்க் கேளுங்கள். கம்பெனியைப் பதிவு செய்வதற்கு முன்பே போனால் இன்னும் நல்லது.