ரோஜாக் குச்சி: துளிர் கண்டு ஏமாற வேண்டாம்

ஊன்றிய சில நாட்களில் துளிர்விடும் ரோஜாக் குச்சி, பிறகு கருகிப் போவதுண்டு. குச்சியில் சேமித்துள்ள உணவைக் கொண்டே முதல் துளிர் வருகிறது. அப்போது வேர் இருப்பதில்லை. துளிரை நம்பிச் செடியை வெயிலுக்கு மாற்றுவதும், பிடுங்கிப் பார்ப்பதுமே கேட்டுக்குக் காரணம்.

போளூர் போன்ற வெயில் மிகுந்த பகுதிகளில் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஊன்றுவது நலம். எட்வர்டு ரோஜா, ஆந்திர சிவப்பு ரோஜா ஆகியவை குச்சியிலேயே நன்கு வேர் பிடிக்கும். ஒட்டுக் கட்டி விற்கப்படும் கலப்பின ரோஜாக்களில் பல அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை.

பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. நீளமுள்ள, நான்கு கணுக்கள் கொண்ட குச்சிகளை நறுக்கவும். அடி வெட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்க வேண்டும். நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடவும்.

மணலும் செம்மண்ணும் சம அளவு கலந்து, அடியில் துளையிட்ட பையில் நிரப்பவும். இரண்டு கணுக்கள் புதையுமாறு குச்சியை ஊன்றி நிழலில் வைக்கவும். ஈரம் காயக்கூடாது, நீர் தேங்கினால் குச்சி அழுகும்.

ஆறு வாரம் வரை குச்சியை அசைக்கலாகாது. பையின் துளைகளில் வெள்ளை வேர் தெரிந்த பிறகே, சில நாட்கள் காலை வெயிலில் பழக்கி, தோட்டத்தில் நட வேண்டும்.