வலி போச்சு... தள்ளாட்டம் போகலையா?

சென்ற வருடம் ஓர் அம்மா மகளுடன் வந்தார். வயது 52. பள்ளி ஆசிரியை. முழங்கால் ஜவ்வு கிழிந்து, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்து 3 மாதம் ஆகியிருந்தது.

"வலி சுத்தமா இல்லை டாக்டர். ஆனா முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினா, ஆள் அப்படியே சாயுறேன். நேத்து குழாயைப் பிடிச்சுத் தப்பிச்சேன். வாதமா இருக்குமோ? தைலம் கொடுங்களேன்" என்றார்.

நான் தைலம் கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா?

ஜவ்வு வெறும் மெத்தை இல்லை!

ஒவ்வொரு முழங்காலிலும் பிறை வடிவில் 2 ஜவ்வுகள் இருக்கின்றன. உடல் பாரத்தைத் தாங்குவது அவற்றின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு வேலையும் உண்டு. அவற்றில் உள்ள நரம்பு முனைகள், 'கால் இவ்வளவு மடங்கியிருக்கிறது, பாரம் இந்தப் பக்கம் சாய்கிறது' என்று மூளைக்குத் தகவல் சொல்கின்றன.

நாம் விழாமல் நிற்கக் கண், உள்காது, தசை-மூட்டுகளின் உணர்வு என்று 3 காவலாளிகள். ஜவ்வு பழுதானால் மூன்றாவது காவலாளி கொஞ்சம் தூங்கிவிடுவார். வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் இருந்ததில் முன்தொடைத் தசையும் இளைத்திருக்கும். பகலில் கண் சமாளித்துவிடும். கண்ணை மூடினாலோ, கரண்ட் போனாலோ குட்டு வெளிப்பட்டுவிடும்!

சித்த மருத்துவத்தில் உடல் அசைவுகள் வாதத்தின் பொறுப்பு. அதனால் அந்த அம்மா கேட்டது தப்பில்லை. ஆனால், தைலம் இறுக்கத்தைத் தளர்த்தலாம். நிதானத்தைக் கற்றுத் தராது. குழந்தை நடை பழகுவதுபோல, அதைப் பழகித்தான் ஆக வேண்டும்.

எப்படிப் பழகுவது?

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அனுமதி வாங்குங்கள். ஜவ்வை வெட்டி எடுத்தவர்களைவிடத் தையல் போட்டவர்கள் அதிக நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் குத்துக்காலிட்டு உட்காரவும் கூடாது.

* முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, 5 விநாடி அழுத்தி விடுங்கள். 10 முறை.

* சமையல் மேடையைப் பிடித்தபடி, பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். பிறகு ஒரு பாதத்தின் முன் மறு பாதம். அது பழகியபின் ஒற்றைக் காலில் 10 விநாடி. மெல்ல 30 விநாடி வரை கூட்டலாம்.

* கண்ணை மூடிப் பழகுவது கடைசிப் பாடம். பக்கத்தில் ஆள் இல்லாமல் வேண்டாம்.

நல்ல காலையும் பழக்குங்கள். அதன் நிதானமும் குறைந்திருக்கலாம். அதுவரை குளியலறைத் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். இரவு ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

இதில் அலட்சியம் கூடாது!

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், காய்ச்சலோ, தையலில் சீழோ கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். ஆறாத புண்மேல் எந்த எண்ணெயும் கூடாது.

அந்த அம்மா 2 மாதம் கழித்து வந்தார். "இப்ப குழாயைப் பிடிக்கறதில்லை டாக்டர்" என்று சிரித்தார். தினமும் காலையில் பால் காயும் நேரத்தில் பழகினாராம். அந்த நேரம் உங்கள் வீட்டிலும் உண்டுதானே?